குப்பிக்கு வெளியே நின்ற தண்ணீர்

எனக்குப் பேச வராது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். விடை தெரிந்தால்கூட ஒரு நாளும் கை தூக்கியதில்லை. அப்படிப்பட்டவன் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்து ஐந்தாறு வருஷம் ஆகிறது. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கலாம் என்று தோன்றியது.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து மேற்கே மூன்று மைல் நடந்தால் வருகிற ஏரியில் நான் லஸ்கர். மதகைத் திறப்பது, மூடுவது, கரையில் எலி வளை இருந்தால் மண் அடைப்பது, மாடுகளைக் கரையேற விடாமல் விரட்டுவது, இவைதான் என் வேலை. எண் படிக்கத் தெரிந்தவன் என்பதால் மழைமானியையும் என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். தரையில் பாதி புதைத்த ஒரு தகரக் குடுவை, அதற்குள் ஒரு கண்ணாடிக் குப்பி, குப்பிக்கு மேலே ஒரு புனல். மழை புனலில் விழுந்து குப்பியில் சேரும். தினமும் காலை எட்டு மணிக்குக் குப்பியை எடுத்து, கோடு போட்ட கிளாசில் ஊற்றி, இத்தனை அங்குலம் இத்தனை சென்ட் என்று நோட்டில் எழுத வேண்டும். அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட். கிளாஸ் ஒரு தடவைக்கு அரை அங்குலம் பிடிக்கும். எனக்கு முன்னாலிருந்த லஸ்கர் மாற்றலாகிப் போகும் அவசரத்தில் பத்து நிமிஷத்தில் இதைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். குப்பி நிரம்பினால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் புயலுக்கு முன் நான் வேலை பார்த்த ஆறு வருஷத்தில் அது நிரம்பியதுமில்லை.

ஏரிக்கரைக்குக் கீழே பதினோரு குடிசைகள். எல்லாம் எங்கள் ஜனம், கூலி வேலைக்காரர்கள். அதில் ஒன்றில் என் அண்ணன் இருந்தார். நான் மதகடியில் பொதுப்பணி இலாகா கொடுத்த ஒற்றை அறையில் படுத்துக்கொள்வேன். கல்யாணம் ஆகவில்லை. சாப்பாடு அண்ணன் வீட்டில். தம்பிக்குச் சேர வேண்டிய பேச்சையும் அண்ணனே வாங்கிக்கொண்டு பிறந்துவிட்டார் என்று அண்ணி சொல்வார். அது உண்மைதான். நடவுக்குப் போனாலும் அறுப்புக்குப் போனாலும் அண்ணன் குரல் கேட்கிற பக்கம்தான் கூட்டம் இருக்கும்.

அது கார்த்திகை மாதம். புயல் வருகிறது என்று முதல் நாள் மத்தியானமே எங்கள் இலாகா ஓவர்சியர் சைக்கிளில் வந்து சொன்னார். அவர் நல்ல மனிதர், என்னைப் போன்றவனிடமும் நின்று பேசுவார். குடிசைக்காரர்களை மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னார். அண்ணன்தான் எல்லாரையும் கிளப்பிக்கொண்டு போனார். சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் ஒரு தடவை மழையை அளந்து குப்பியைக் காலி செய்து வைத்தேன். அப்போதே புனலைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு காற்று.

"பயப்படாதே," என்றார் ஓவர்சியர். "கடல்மேல இருக்கிறவரைக்கும்தான் புயலுக்குத் தீனி. தரை ஏறிட்டா தீனி கிடையாது. மேற்கே போகப் போக இளைச்சுடும்."

மறுநாள் காலையில் அவர் சொன்னபடியே இருந்தது. காற்று நின்றுவிட்டது. தூறல்தான். கரைமேல் போய் நின்றால் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகக் கல்லால் கட்டிய கலங்கல்மேல் மெல்ல வழிந்துகொண்டிருந்தது. ரயில்வே லைனில் வேலை செய்கிற ஒருவர் தந்தியைக் கொண்டுவந்தார். ஓவர்சியர் அதைப் படித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார். பழவேற்காட்டுக்கு வடக்கே கரையேறிய புயல் உள்நாட்டுக்குள் மேற்கே நகர்கிறது, வலு குறைந்துவிட்டது என்றார். கூட மணியக்காரர் குடையோடு நின்றிருந்தார். ஏரியின் வடக்குக் கோடிக்கு அப்பால் இருக்கிற நிலமெல்லாம் அவருடையது. சம்பா கதிர் வாங்கி நின்றது.

"அப்ப வெட்ட வேணாம் இல்ல சார்?" என்றார் மணியக்காரர்.

தண்ணீர் மிஞ்சினால் வடக்குக் கோடியில் கரையை வெட்டி, அவர் நிலத்து வழியாக வடிய விடுவது என்று முதல் நாள் பேச்சு. வெட்டினால் பயிர் போகும். வெட்டாமல் கரை உடைந்தால் பதினோரு குடிசையும் போகும்.

"தந்தியை மட்டும் நம்பி நான் சொல்ல முடியாது," என்றார் ஓவர்சியர். "ஏரியைப் பார்த்தா இதுவரைக்கும் வந்த தண்ணி தெரியும். மேல இருக்கிற ஏரிகள் நிரம்பி வழிஞ்சு இங்கே வந்து சேர ஆறேழு மணி நேரம் ஆகும். இனிமே வரப்போறது எவ்வளவுன்னு மழைமானிதான் சொல்லணும். அஞ்சு அங்குலத்துக்குள்ள பெய்ஞ்சிருந்தா கலங்கல் தாங்கும். அதுக்கு மேலன்னா வெட்டித்தான் ஆகணும்."

"வெட்டறதுக்கு உங்களுக்கு இன்னா சார். மம்முட்டி கவர்மெண்டுது, நெல்லு என்னுது."

ஓவர்சியர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "போய் அளந்துட்டு வா," என்றார்.

போனேன். மழைமானியைச் சுற்றிய வேலிக்குள் கணுக்கால் அளவு சேறு. புனலைத் தூக்கினேன். குப்பியில் தண்ணீர் விளிம்பு வரை, இன்னொரு சொட்டுக்கு இடமில்லாமல் நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கிளாசில் எட்டுத் தடவை ஊற்றினேன், ஒன்பதாவது தடவை அடியில் கொஞ்சம் நின்றது. நாலு அங்குலம், பன்னிரண்டு சென்ட். ஐந்துக்குள் இருக்கிறது என்ற சந்தோஷம்தான் எனக்கு.

குப்பியைத் திரும்ப வைக்கும்போது தகரக் குடுவைக்குள்ளும் தண்ணீர் நிற்பதைப் பார்த்தேன். நிறையவே நின்றது. தரையெல்லாம் ஊறிக் கிடக்கிறதே, குடுவையின் அடியில் எங்காவது ஓட்டை விழுந்து ஊறி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கரைக்குத் திரும்பி, அளவைச் சொன்னேன். ஓவர்சியர் தன் பையிலிருந்த நோட்டில் எழுதிக்கொண்டு, "வேற ஒண்ணுமில்லையே?" என்று கேட்டார்.

குடுவையில் நின்ற தண்ணீர் என் நினைவுக்கு வந்தது. நன்றாக நினைவுக்கு வந்தது, அதை நான் மறைக்க முடியாது. ஆனால் மணியக்காரர் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் ஏதாவது கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். குடுவையை ஓட்டையாக வைத்திருந்தாயா என்பார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றேன்.

"சரி, வெட்ட வேண்டாம். பள்ளிக்கூடத்துல இருக்கிறவங்களை வீட்டுக்குப் போகச் சொல்லு. பதினோரு மணிக்கு இன்னொரு தடவை அள."

பள்ளிக்கூடத்தில் ஈரத் துணியும் புகையுமாக இருந்தது. குழந்தைகள் பசியில் அழுதுகொண்டிருந்தன. நான் வாசலில் நின்றதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். என் ஆயுசில் அத்தனை பேர் என் வாயைப் பார்த்து நின்றது அன்றைக்குத்தான்.

"புயலு தளந்துபோச்சின்னு தந்தி வந்துகீது. மழையும் கம்மிதான். அளந்து பாத்தாச்சி. ஊட்டுக்குப் போவலாம்," என்றேன்.

"பாத்தீங்களா, எந்தம்பி வாயத் தொறந்துட்டான்," என்றார் அண்ணன். "இவன் பேசறான்னு தெரிஞ்சிதான் புயலு மெரண்டு ஓடிகினு கீது."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு கிழவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் அண்ணன் வீட்டுக்கு அடுத்த குடிசைக்காரர்.

"ஏரி ரொம்பி வழியுதேப்பா," என்றார்.

"பெர்சு, நீ கண்ணால பாத்துட்டு சொல்றே. அவன் அளந்து பாத்துட்டு சொல்றான். உன் கண்ணுக்கு உன் சம்சாரமே தெரியறதில்ல," என்றார் அண்ணன். கிழவரின் சம்சாரம்தான் அதிகமாகச் சிரித்தாள். கிழவரும் எழுந்து, "கலங்கல்ல தண்ணி போவுதுன்னா பறி வெச்சா மீனாவது வுழும்," என்று சொல்லிக்கொண்டே போனார். பறி என்பது மூங்கிலால் பின்னிய மீன் கூடை. ஏரி வழிகிற நாளில் வாய்க்காலில் அதை வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் வழக்கம்.

அவர்கள் கரை இறக்கத்தில் வரிசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் சொல்லிப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. அதையும் எழுதிவிட வேண்டும்.

பதினோரு மணிக்கு வெயில் மெல்ல எட்டிப் பார்த்தது. குப்பியில் இருபது சென்ட்கூட இல்லை. எழுதிவிட்டுக் குப்பியை வைக்கக் குனிந்தேன். குடுவைத் தண்ணீர் காலையில் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் நின்றது. உள் பக்கம் ஒட்டியிருந்த துருக் கோட்டுக்கு நேராக, ஒரு நூல் ஏறவில்லை, இறங்கவில்லை.

அங்கேயே குந்திவிட்டேன். தரையிலிருந்து ஊறி வந்திருந்தால் இந்த மூன்று மணி நேரத்தில் ஏறியிருக்க வேண்டும். வெளியே சேற்றில் தண்ணீர் அதைவிட உயரமாக நிற்கிறது. ஓட்டை இல்லை. அப்படியானால் அந்தத் தண்ணீர் மேலேயிருந்துதான் வந்திருக்கிறது. குப்பி நிரம்பி, அதற்கு மேல் பெய்த மழையெல்லாம் வழிந்து குடுவையில் நின்றிருக்கிறது. குப்பியைச் சுற்றிக் குடுவை எதற்கு வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் புரிந்தது.

குடுவையைப் பிடுங்கி எடுத்தேன். கிளாசில் ஊற்றி ஊற்றி அளந்தேன். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாது என்று ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு கூழாங்கல்லை எடுத்து வைத்தேன். பத்துக் கல் ஆயிற்று. ஐந்து அங்குலம். காலையில் சொன்ன நாலோடு சேர்த்தால் ஒன்பதுக்கு மேல்.

தந்தி பொய் சொல்லவில்லை. புயலின் காற்று தளர்ந்தது உண்மை. தலைச்சுமைக்காரன் களைத்துப்போனால் அவன் நடைதான் குறையும், சுமை குறையாது. களைத்த இடத்தில் சுமையை இறக்கி வைப்பான். இந்தப் புயல் தன் சுமையை எங்கள் தலைக்கு மேலேயும் மேற்கே இருக்கிற ஏரிகளின்மேலும் இறக்கி வைத்திருந்தது. அந்தத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஓவர்சியர் மணியக்காரர் வீட்டில் இருந்தார். நாங்கள் அந்த வீட்டுக்குள் போகிற வழக்கம் இல்லை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்று கூப்பிட்டேன். உள்ளே பாட்டரி ரேடியோ பேசிக்கொண்டிருந்ததால் என் குரல் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவை கத்தினேன். ஓவர்சியர் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார், பின்னால் மணியக்காரர்.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை.

"இன்னாடா பேஜாரு இது," என்றார் மணியக்காரர். "வெயிலு அடிக்குது. புயலு ஒண்ணுமில்லாம போச்சின்னு இப்பதான் ரேடியோவுல சொன்னான். காலைல நாலுன்ன, இப்ப ஒம்போதுன்ற. சாயந்திரம் வந்தா பதினெட்டுன்னுவியா?"

ஓவர்சியர் என் முகத்தையே பார்த்தார். "அது மழைத் தண்ணிதானா? தரையிலிருந்து ஊறினது இல்லையே?"

"ஊறினதாத்தான் இருக்கும் சார். அப்படித்தானடா?" என்றார் மணியக்காரர்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்தில் பேச்சு முடிந்திருக்கும். என் வேலையும் தங்கியிருக்கும்.

"இல்ல சார். காலைலயே பாத்தேன். அப்பவும் அதே மட்டம்தான் நின்னுச்சி. ஊறினதுன்னு நெனச்சிகினு சொல்லாம வுட்டுட்டேன். ஊறலை. மழைதான்."

ஓவர்சியர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கையைக் கழுவாமலே சைக்கிளை எடுத்தார். "ஆளுங்களைக் கூட்டி வடக்குக் கோடியை வெட்டறேன். நீ போய் எல்லாரையும் மேடேத்து. ரெண்டு மணிக்குள்ள," என்றார். பிறகு மணியக்காரரும் ஒரு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார் என்று கேள்விப்பட்டேன்.

குடிசைகளில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். நனைந்த பாய்களை வெயிலில் விரித்திருந்தார்கள். நான் சொன்னதை யாரும் நம்பவில்லை.

"காலைல போன்ற, இப்ப வான்ற. நாங்க இன்னா ஆட்டு மந்தையாப்பா?" என்றாள் ஒருத்தி.

"சோறு வெந்துகினு கீது. துண்ணுட்டு வரோம் போ," என்றான் இன்னொருவன்.

அண்ணன் என்னைத் தனியாக இழுத்தார். "இன்னாடா ஆச்சி?"

"தப்பா அளந்துட்டேண்ணா. குப்பி ரொம்பி வெளிய வழிஞ்சி கீது."

"நீ பாக்கல. அதானே?"

"பாத்தேண்ணா. சொல்லல. அவரு கேட்டாரு, ஒண்ணுமில்லன்னுட்டேன்."

அண்ணன் எதற்கும் ஏதாவது கேலி வைத்திருப்பார். அப்போது என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்திவிட்டு நடுவில் போய் நின்றார்.

"ஓவர்சியர் ஆர்டரு. அவன் குப்பிய பாத்தான், வெளிய வழிஞ்சது அவனுக்குத் தெரியாது. இத்தப்பத்தி எவனும் அவங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாது. கேக்கறதெல்லாம் பள்ளிக்கொடத்துல குந்திகினு எங்கிட்ட கேளு. சோத்த சட்டியோட தூக்கு."

தூக்கினார்கள். ஒன்றரை மணிக்கெல்லாம் குடிசைகள் காலி. மேட்டில் அண்ணன் தலைகளை எண்ணினார். கிழவர் இல்லை. பறி வைக்கப் போனவர் திரும்பவில்லை என்று அவர் சம்சாரம் சொன்னாள்.

"நான் போறேண்ணா," என்றேன்.

"நீ போய் கூப்டா அந்த செவிடுக்குக் கேக்குமா? குந்து," என்றார் அண்ணன். அண்ணியிடம் தலைத்துண்டைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு கலங்கல் வாய்க்கால் பக்கம் இறங்கிப் போனார்.

வடக்குக் கோடியில் வெட்டு முழங்கால் ஆழம்தான் இறங்கியிருந்தது. மேலேரித் தண்ணீர் அதற்குள் வந்துவிட்டது. நல்ல வெயில். காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. ஏரி கரையின் உச்சிக்கு ஏறியதைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து பார்த்தோம். பிறகு கலங்கலுக்குப் பக்கத்தில் கரை உட்கார்ந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது. கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, கொஞ்ச தூரம் முழுசாகவே மிதந்து போயின.

கிழவர் ஒரு பனைமரத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தார். அண்ணன்தான் தன்னை அதில் ஏற்றிவிட்டார் என்றார். அண்ணனை மூன்றாம் நாள் கிழக்கே இரண்டு பர்லாங் தள்ளி ஒரு முள்வேலியில் கண்டெடுத்தோம்.

ஓவர்சியர் வந்திருந்தார். அடக்கம் முடிந்தபிறகு என்னிடம், "குப்பி எவ்வளவு பிடிக்கும்னு உனக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கணும். தப்பு என்மேல," என்றார். மேலதிகாரிகளுக்கு எழுதிய ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் எழுதினாராம். என்னை யாரும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. வேலை போகவில்லை.

ஊரிலும் யாரும் கேட்கவில்லை. அண்ணன் கடைசியாகச் சொல்லிவிட்டுப் போன வார்த்தையை மீற யாருக்கும் மனசு இல்லை. அவனுக்குத் தெரியாது, பாவம் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அது எனக்கு ஆயுசு முழுக்கப் பழகிய வேலை.

அண்ணிக்கு மேட்டில் புதுக் குடிசை போட்டோம். கூரை வேய்ந்து முடித்த அன்று சாயங்காலம் எனக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்தார்.

"உங்கண்ணன் சொன்னாரே, அந்தத் தண்ணிய நீ பாக்கலன்னு. நெசந்தானா?"

அவர் கேட்ட விதத்தில் கோபம் இல்லை. ஆமாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு எழுந்து போவதற்குத் தயாராக இருந்தார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"பாத்தேன் அண்ணி. ஓவர்சியரு கேட்டாரு. பேசக் கூச்சப்பட்டுகினு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். அண்ணனுக்கும் தெரியும். அங்கயே சொன்னேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அண்ணி எழுந்து உள்ளே போனார். நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. மழைமானிப் பக்கமும் போகவில்லை. நோட்டில் இரண்டு நாளுக்கும் இடம் வெறுமையாகவே இருக்கும்.

மூன்றாம் நாள் காலையில் அவர் கரைமேல் நடந்து மதகடிக்கு வந்தார். கூழ்ச் சட்டியை என் வாசலில் வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார். உடைந்த இடத்தில் புது மண் கொட்டியிருந்தார்கள்.

"எட்டு மணி ஆவப்போவுது," என்றார். "போய் அளந்துட்டு வந்து துண்ணு. குப்பி, குடுவை ரெண்டையும் பாத்துட்டு வா."

எழுந்து போனேன்.